அகத்தி – போர்ட் பிளேயர்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? கொங்கு நாட்டிலிருந்து கேட்கும் கேள்விகள்

சென்னிமலையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பஸ், ரயில், விமானம் மூன்றும் போடுவோம். இங்கே நெய்கிற போர்வையையும் துண்டையும் தீவுகளில் இருக்கிற விடுதிகளுக்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் ஒரு நாள் வந்து கேட்டார்: "லட்சத்தீவுல அகத்தியில ஒரு ஆர்டர், அந்தமான்ல போர்ட் பிளேயர்ல ஒரு ஆர்டர் இருக்குதுங்க. அகத்தியில முடிச்சுட்டு அப்படியே நேரா போர்ட் பிளேயர் போயிரலாமுங்களா? எத்தனை மணி நேரமாகும்?"

அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு இடத்தில் தூரம் 1,210 என்றிருந்தது, இன்னொரு இடத்தில் 1,395, வேறொரு இடத்தில் 2,245. பறக்கும் நேரம் மூன்று மணி என்றது ஒன்று, ஐந்து மணி என்றது மற்றொன்று. அதன் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதையும், கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இரண்டு விமான நிலையத்துக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரம் எவ்வளவுங்க?

சுமார் 2,245 கிலோமீட்டர். அகத்தி அரபிக்கடலில், கேரளக் கரையிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற சிறு தீவு. போர்ட் பிளேயர் வங்கக்கடலின் மறுகோடியில் இருக்கிறது. அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட் போடும் இடங்களில் பழைய பெயரும் இன்னும் புழங்குகிறது, அதனால் இங்கே அதையே எழுதுகிறேன்.

அப்புறம் ஏன் மூன்று இடத்தில் மூன்று எண் காட்டுகிறது?

மூன்றும் ஒரே தூரம்தான், அளவுதான் வேறு. விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில் அளப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் இது சுமார் 1,210. தரை மைல் 1.609 கி.மீ. அந்தக் கணக்கில் 1,395. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் ஆயிரம் கிலோமீட்டர் தவறிவிடும். நானே அப்படித்தான் முதல் நாள் அந்த வியாபாரியிடம் தவறாகச் சொன்னேன்.

இரண்டு மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம். பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்று வரும், துருவங்களில் கொஞ்சம் தட்டையாக வைத்துப் போட்டால் இன்னொன்று வரும். பத்து இருபது கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். விமான நிலையத்துக்குப் பதிலாக ஊரின் நடுப்புள்ளியையோ தீவுக் கூட்டத்தின் நடுப்புள்ளியையோ எடுத்திருப்பார்கள்.

இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். பேனாவும் தாளும் போதும். இரண்டு விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் இந்த வழிக்குக் கணக்கு ரொம்பச் சுலபம்.

பாகை என்றால் டிகிரி, கலை என்றால் அதில் அறுபதில் ஒரு பங்கு. அகத்தி விமான நிலையம் கிழக்கு தீர்க்கரேகை 72 பாகை 11 கலையில் இருக்கிறது. போர்ட் பிளேயர் 92 பாகை 44 கலை. கழித்தால் 20 பாகை 33 கலை, அதாவது 20.55 பாகை. பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கி.மீ. சொச்சம். வடக்கே போகப் போக தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். நாம் இருக்கிற பதினோராம் பாகையில் அது சுமார் 109.2 கி.மீ. ஆகிறது. 20.55-ஐ 109.2-ஆல் பெருக்கினால் 2,244.

வடக்கு தெற்கு வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும். அகத்தி 10 பாகை 49 கலை, போர்ட் பிளேயர் 11 பாகை 38 கலை. முக்கால் பாகைக்குக் கொஞ்சம் மேல், ஏறத்தாழ 90 கி.மீ. 2,244-ஐயும் 90-ஐயும் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 2,246 வருகிறது. கணினி சொல்லும் விடைக்கும் நம் தாளில் வரும் விடைக்கும் ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். என் மகள் எட்டாவது படிக்கும்போது இந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டேன். விடை ஒத்து வந்தபோது இரண்டு பேருக்குமே அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகும்?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்கவில்லை. கணக்குப் போட்டபோது நானாகத்தான் கேட்டுக்கொண்டேன். விடையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. இந்தியாவின் இரண்டு கோடிகளில் இருக்கிற தீவுகளை இணைக்கும் கோடு எங்கள் ஊர்த் தலைக்கு மேலே போகிறது.

அகத்தியிலிருந்து கிளம்பினால் நானூறு கி.மீ. கடல். பரப்பனங்காடி அருகே மலையாளக் கரை. மலப்புறத்துக்கு வடக்கே ஒட்டி, அமைதிப் பள்ளத்தாக்கு, அட்டப்பாடி மலைகளைத் தாண்டி, பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேலே கொங்கு நாட்டுக்குள் இறங்குகிறது. பீளமேட்டில் இருக்கிற கோவை விமான நிலையம் இந்தக் கோட்டுக்குத் தெற்கே 13 கி.மீ.தான். பிறகு கோவில்பாளையம் பக்கம், அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே, அப்புறம் சென்னிமலை. எங்கள் மலைக்கோயிலிலிருந்து அந்தக் கோடு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் போகிறது. 1,320 படி ஏறி மேலே நின்று வடக்கே பார்த்தால் பார்வைக்கு உட்பட்ட இடம்தான்.

அங்கிருந்து காவிரியைக் கடந்து நாமக்கல்லை ஒட்டிப் போகிறது. பிறகு பெரம்பலூர், காட்டுமன்னார்கோயில். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, கொள்ளிடம் கடலில் சேர்கிற பக்கமாக வங்கக்கடலுக்குள் போய்விடும். அதன் பிறகு போர்ட் பிளேயர் வரை சுமார் 1,400 கி.மீ. வெறும் கடல்.

மொத்த 2,245-இல் தரை 430 கி.மீ.தான். அதில் பெரியநாயக்கன்பாளையம் முதல் நாமக்கல் வரையிலான கொங்குப் பகுதி 133 கி.மீ. ரோட்டில் மூன்று மணி நேரம் பிடிக்கிற இந்த இடத்தை ஒரு ஜெட் விமானம் பத்து நிமிடத்தில் தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அகத்தியிலிருந்து கோவைக்கு நேர்கோட்டில் 532 கி.மீ. கோவையிலிருந்து போர்ட் பிளேயருக்கு 1,712 சொச்சம். இரண்டையும் கூட்டினால் நேர்த்தூரத்தைவிட ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் வராது. அவ்வளவு சரியாக வழியில் இருக்கிறது கோவை.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இதே ஊர்கள் வருமா?

கொஞ்சம் மாறும். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டால், கோடு நடுவழியில் இருபது கிலோமீட்டர் போலத் தெற்கே விழும். உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல்தான் உண்மையான குறுக்கு வழி. அது வரைபடத்தில் வடக்கே லேசாக வளைந்து தெரியும். நூலோடு புழங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு உலக உருண்டையும் ஒரு இழையும் போதும். இந்த வழியில் இரண்டு கோடுகளுக்கும் நீள வித்தியாசம் ஒரு கி.மீ.க்கும் குறைவு.

நேர் விமானம் இருக்குதுங்களா?

இல்லை. தடை அகத்தி ஓடுதளத்தின் நீளம்தான்.

அகத்தி விமான நிலையம் 1988-இல் வந்தது. தீவின் தென்கோடியில், குறுகலான வால் மாதிரி இருக்கிற இடத்தில் ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல். நீளம் 1,204 மீட்டர். ஒப்பிட்டுச் சொன்னால், கோவை ஓடுதளம் 2,990 மீட்டர். சேலம் காமலாபுரத்தில் இருப்பது 1,806. போர்ட் பிளேயரில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. 180 பேர் ஏறுகிற ஏர்பஸ் ஏ320 மாதிரி ஜெட் விமானம் 1,204 மீட்டரில் பயணிகளோடு இறங்கி ஏற முடியாது. அதனால் அகத்திக்குப் போவது இறக்கையில் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம்தான், பெரியதில் எழுபது பேர் சொச்சம் உட்காரலாம்.

சரி, ஏடிஆரையே போர்ட் பிளேயர் வரை ஓட்டினால் என்ன? ஆள் நிரம்பிய ஏடிஆர் 72 ஏறத்தாழ 1,500 கி.மீ. வரை போகும். இங்கே வேண்டியது 2,245. அதோடு, இறங்க முடியாமல் போனால் வேறு இடத்துக்குப் போகிற அளவுக்கு எரிபொருளும் கையிருப்பு வேண்டும். போர்ட் பிளேயரைச் சுற்றிலும் கடல் என்பதால் அந்தக் கையிருப்பு சின்ன அளவு இல்லை. குட்டை ஓடுதளத்திலிருந்து கிளம்பும்போது எடையையும் குறைக்க வேண்டியிருக்கும். ஆக, இறங்கக்கூடிய விமானத்தால் அவ்வளவு தூரம் போக முடியாது. அவ்வளவு தூரம் போகக்கூடியதால் அங்கே இறங்க முடியாது.

அப்படியானால் பறக்கும் நேரம் என்று மூன்று மணி போட்டிருக்கிறார்களே?

அது தூரத்தை வேகத்தால் வகுத்து எழுதிய எண். ஜெட் விமானம் மேலே போனபின் மணிக்குச் சுமார் 830 கி.மீ. போகும். 2,245-ஐ 830-ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஏறவும் இறங்கவும் தரையில் ஊர்ந்து போகவும் அரை மணி சேர்த்தால் மூன்றேகால் மணிக்குள் அடங்கும். ஏடிஆர் வேகம் சுமார் 500. அதற்கு நாலரை மணி, அரை மணி சேர்த்து ஐந்து. நான் பார்த்த மூன்றும் ஐந்தும் இப்படி வந்தவைதான். கணக்கு சரி, ஆனால் அப்படி ஒரு விமானம் கிடையாது. அகத்தியில் ஆர்டர் வைத்திருப்பவர் இந்த எண்ணை நம்பிப் போர்ட் பிளேயரில் அன்று மாலையே ஆள் பார்க்க நேரம் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

"தூரம் வகுத்தல் 830, கூட்டல் அரை மணி" என்ற கணக்கை மற்ற ஊர்களுக்கு வைத்துப் பாருங்கள், நன்றாகவே ஒத்து வரும். கோவையிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 404 கி.மீ. அரை மணியும் அரை மணியும் ஒரு மணி. விமான அட்டவணையில் ஒரு மணி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இருக்கும். அதே ஊருக்கு ரயில் பாதை ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நிஜத்தில் எப்படிப் போவது, எவ்வளவு நேரமாகும்?

வழக்கமான வழி அகத்தி – கொச்சி – சென்னை – போர்ட் பிளேயர். தூரம் முறையே 470, 520, 1,370 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 2,360. நேர்கோட்டைவிட 115 கி.மீ.தான் அதிகம். ஐந்து சதவீதம். இவ்வளவு சுற்றியும் இவ்வளவு குறைவா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நேரம் அப்படி இல்லை. அகத்தி – கொச்சி ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி. கொச்சி – சென்னை ஒரு மணி பத்து நிமிடம் போல. சென்னை – போர்ட் பிளேயர் இரண்டேகால் மணி. பறப்பது மட்டும் ஐந்து மணிக்குப் பக்கம். நடுவே இரண்டு இடத்தில் காத்திருக்க வேண்டும். இரண்டு தீவுக்கும் விமானங்கள் பெரும்பாலும் பகலில்தான், அதுவும் அகத்திக்கு நாளைக்கு ஒன்றிரண்டு. அகத்தியிலிருந்து கரைக்கு வந்து சேரும்போது அன்றைய போர்ட் பிளேயர் விமானம் போயிருக்கும். என் கடையில் போடும்போது நடுவில் ஒரு ராத்திரி வைத்துத்தான் போடுவேன்.

பெங்களூரு வழியாகவும் பார்க்கலாம். 2024-இல் பெங்களூரிலிருந்து அகத்திக்கு நேர் ஏடிஆர் சேவை தொடங்கியது. அந்த வழியில் தூரம் 657-உம் 1,640-உம் சேர்ந்து சுமார் 2,300 கி.மீ. இன்னும் நேரான வழி, ஒரு மாற்றம்தான். ஆனால் இந்தச் சேவைகள் பருவத்துக்குப் பருவம் மாறும். போகிற மாதத்தின் அட்டவணையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சென்னை – போர்ட் பிளேயர் 1,190 கி.மீ. என்று படித்தேனே. நீங்கள் 1,370 என்கிறீர்களே?

1,190 என்பது பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. மேலே சொன்ன தாள் கணக்கை வைத்துப் பாருங்கள். சென்னை விமான நிலையம் 80.17 பாகை, போர்ட் பிளேயர் 92.73 பாகை. வித்தியாசம் 12.56. அந்த அட்சரேகையில் ஒரு பாகைக்கு 108.6 கி.மீ. என்று பெருக்கினால் 1,364. வடக்கு தெற்கு வித்தியாசத்தையும் சேர்த்தால் 1,370-ஐத் தாண்டும். கடலில் கப்பல் இதைவிடக் குறுக்காகப் போக வழியே இல்லை. 1,190-ஐ வைத்துப் பறக்கும் நேரம் கணக்கிட்டால் பதின்மூன்று நிமிடம் குறைத்துச் சொல்வீர்கள்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஆகுதே, ஏனுங்க?

காற்று. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது, பாதி நமக்கே தெரியும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்றை நம்மில் அறியாதவர் யார்? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இருக்கிற அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். பல்லடம், கேத்தனூர், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். கோவை ஓடுதளமும் தென்மேற்கு – வடகிழக்காகத்தான் போட்டிருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்து ஏறி இறங்க வேண்டும் என்பதால், அந்த மாதங்களில் பெரும்பாலும் தென்மேற்கே பார்த்துக் கிளம்பும். ஏடிஆர் ஐந்து, ஆறு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பது. அந்த உயரத்துக்குக் கீழே பருவகாலத்தில் மேற்குக் காற்றுத்தான். அதனால் கொச்சியிலிருந்து அகத்திக்குப் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று.

நமக்குத் தெரியாத மறுபாதி மேலே இருக்கிறது. அதே ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஜெட் விமானங்கள் பறக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று இதற்குப் பெயர். 1950-களில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். கீழே மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று, நடுவில் நம் ஊர்.

இது நிமிடக் கணக்கில் என்ன செய்யும்? மணிக்கு 80 கி.மீ. கிழக்குக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் போகும்போது 830 என்பது 750 ஆகிவிடும், 1,370 கி.மீ.க்கு 110 நிமிடம். திரும்பும்போது 910 ஆகும், 90 நிமிடம். ஒரே வழியில் இருபது நிமிட வித்தியாசம். ஆடி மாதம் போர்ட் பிளேயர் போகிறவர் "விமானம் மெதுவாப் போகுது" என்று நினைக்க வேண்டியதில்லை.

கொங்குப் பக்கத்திலிருந்து அகத்திக்குப் போக எது வசதி?

கோவையிலிருந்து நெடும்பாசேரிக்கு, அதாவது கொச்சி விமான நிலையத்துக்கு, ரோட்டில் ஏறத்தாழ 160 கி.மீ. வாளையாறு, பாலக்காடு, குதிரான் சுரங்கப்பாதை, திருச்சூர் வழி. நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலில் போனால் அங்கமாலியிலோ ஆலுவாயிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கோவையிலிருந்து அகத்திக்கு வானத்தில் 532 கி.மீ.தான் என்றாலும், அங்கிருந்து நேர் விமானம் இல்லை. ஈரோடு, பெருந்துறைக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி நெடும்பாசேரியில் தங்கிவிடுவது நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். லட்சத்தீவுக்குப் போக நுழைவு அனுமதி வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கும் அது உண்டு. அனுமதி கையில் வராமல் டிக்கெட் போடாதீர்கள். போர்ட் பிளேயருக்கு அப்படி எதுவும் வேண்டாம், பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டுமே தடை.

இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே போட்டால் காசு மிச்சமாகுதே?

மிச்சமாகும். அந்த ஆசையில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வருடம் நானும் என் மச்சானும் தீவிலிருந்து திரும்பினோம். கொச்சி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட், நடுவில் இரண்டு மணி இடைவெளி. தீவில் மழை பிடித்துக்கொண்டது. விமானம் மூன்று மணி தாமதம். கொச்சியில் இறங்கும்போது அடுத்த விமானம் போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் இரண்டாவது நிறுவனம் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை. அன்று ராத்திரி பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். மச்சான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என்னை நம்பித்தானே அவர் வந்தார்.

தீவு விமானம் மற்றவை மாதிரி இல்லை. அகத்தியில் மழையோ குறுக்குக்காற்றோ என்றால் பக்கத்துத் தீவில் இறங்க வழி கிடையாது, கவரத்தியில் ஹெலிகாப்டர் தளம்தான் இருக்கிறது. விமானம் கரைக்கே திரும்பும். போர்ட் பிளேயர் விமானமும் மோசமான வானிலையில் சென்னைக்கே திரும்பிய நாட்கள் உண்டு. அதனால் ஒரே பதிவில் போடுங்கள், அல்லது நடுவில் ஒரு ராத்திரி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரியும் வேண்டும், ஒரே பதிவும் வேண்டும்.

சேலத்திலிருந்து?

காமலாபுரம் விமான நிலையம் 1993-இல் வந்தது. நடுவில் பல வருடம் விமானமே இல்லாமல் கிடந்து, 2018-இல் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் உயிர் பெற்று, மறுபடி நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அப்போது பெங்களூரு – சேலம் – கொச்சி என்று ஒரு ஏடிஆர் வந்தது. அது உங்களுக்கு ஒத்துவருகிற நாளில் இருந்தால் அகத்திக்கு நல்ல தொடுப்பு. ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சேலமும் போர்ட் பிளேயரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. நேர்கோட்டில் சுமார் 1,600 கி.மீ.

கோவையிலிருந்து லடாக்கில் இருக்கிற லே எவ்வளவு தூரம்? அதுவும் இப்படிச் சுற்றா?

இராணுவத்தில் இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் கேட்பது. சுமார் 2,560 கி.மீ. இதில் சுற்றே இல்லை. கோவை, டெல்லி, லே மூன்றும் ஏறத்தாழ 77-ஆம் தீர்க்கரேகையில் வரிசையாக நிற்கின்றன. கோவையிலிருந்து டெல்லி 1,940, டெல்லியிலிருந்து லே 620. பறப்பது மூன்று மணியும் ஒன்றரை மணியும். லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மதியத்துக்கு மேல் காற்று கெட்டுவிடும் என்பதால் விமானங்கள் காலையில்தான். அதனால் கோவையிலிருந்து போகிறவர்களுக்கு டெல்லியில் ஒரு ராத்திரி உறுதி.

இரண்டு தீவுக்கும் கடிகாரம் ஒன்றுதானே?

கடிகாரம் ஒன்று, பொழுது வேறு. இந்திய நேரம் 82 பாகை 30 கலை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. அகத்தி – போர்ட் பிளேயர் கோட்டின் நடுப்புள்ளி சரியாக அந்த ரேகைக்குப் பக்கத்தில் விழுகிறது. அதனால் போர்ட் பிளேயரின் சூரியன் கடிகாரத்துக்கு 41 நிமிடம் முன்னால், அகத்தியின் சூரியன் 41 நிமிடம் பின்னால். மொத்தம் 82 நிமிடம்.

டிசம்பரில் போர்ட் பிளேயரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அகத்தியில் ஆறேகாலைத் தாண்டும். அகத்தியில் பழகிய நினைப்பில் போர்ட் பிளேயரில் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடற்கரை பார்க்கலாம் என்று திட்டம் போட்டால் இருட்டில்தான் நிற்க வேண்டும். அங்கே எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, இந்தக் கணக்கைச் சொன்னபோது, "அப்ப நம்மூர்ல எப்ப விடியும் கண்ணு?" என்று கேட்டார். போர்ட் பிளேயரில் சூரியன் எட்டிப் பார்த்து ஒரு மணி நேரம் கழித்துச் சென்னிமலையில், அதற்கு இருபத்திரண்டு நிமிடம் கழித்து அகத்தியில். மூன்று ஊரும் ஒரே அட்சரேகையை ஒட்டி இருப்பதால் மார்கழியானாலும் ஆடியானாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறாது.